பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: டிஸ்சார்ஜ் நாளிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"இனிமே வீட்டுல வச்சே பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னால் சில குடும்பங்கள், ஆபத்து தாண்டிவிட்டது, மிச்சம் தானாகச் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்கின்றன. வேறு சில, கையை விரித்துவிட்டார்கள் என்று அழ ஆரம்பிக்கின்றன. இரண்டுமே தப்பான கணக்கு. விழுந்துபோன கை காலில் அசைவு திரும்புவது முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக நடக்கும். அதற்குப் பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக. அந்த மூன்று மாதத்தில் முக்கால்வாசி நாள் நோயாளி உங்கள் வீட்டுக் கட்டிலில்தான் இருக்கப்போகிறார்.

இந்தக் காலத்தில் அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வைப்பவை பல நேரம் சாதாரணமாகத் தெரிகிற விஷயங்கள்: புரையேறி வரும் நிமோனியா, படுக்கைப் புண், மூத்திரத்தில் கிருமி, கீழே விழுவது. நான்கையும் பெருமளவு தடுக்கலாம். அதற்கு விலை உயர்ந்த மருந்து தேவையில்லை. எப்படி உட்கார வைக்கிறோம், எப்படி ஊட்டுகிறோம், எத்தனை மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிளம்பும் முன்: கேட்டே ஆக வேண்டியவை

டிஸ்சார்ஜ் பில்லுக்கு அலைகிற அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். முதல் கேள்வி: வந்தது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா? அடைப்பு என்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தொடர்ந்து இருக்கும். கசிவு என்றால் அதே மாத்திரை ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பக்கவாதம்தான், அவர் சாப்பிடுகிற மாத்திரைதான் என்று வாங்கிக் கொடுப்பது எவ்வளவு விபரீதம் என்று இதிலிருந்தே தெரியும்.

அடுத்தது, விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, வாய் வழியாக என்னென்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள். பிறகு பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற எண். பலருக்கு 130/80க்குக் கீழே என்பார்கள், ஆனால் உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்று அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூத்திரக் குழாய் போட்டிருந்தால் எப்போது எடுப்பது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, நர்ஸையோ பிசியோதெரபிஸ்டையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, திருப்பிப் படுக்க வைப்பதையும் நாற்காலிக்கு மாற்றுவதையும் உங்கள் கையால் ஒருமுறை செய்து பாருங்கள். வார்டில் பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும். வீட்டில் தனியாகச் செய்யும்போதுதான் ஆள் எவ்வளவு கனம் என்று புரியும்.

கட்டிலும் அறையும்

நோயாளி ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், அதுதான் கட்டிலின் சரியான உயரம். மூன்று பக்கமாவது ஆள் நின்று வேலை செய்ய இடம் விடுங்கள். கால்மிதி, வயர், வழுக்கும் பாய் எல்லாம் வெளியே. தண்ணீர், மணி, செல்போன் போன்றவை நல்ல கைப்பக்கம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிலருக்கு, குறிப்பாக இடது பக்கம் விழுந்தவர்களுக்கு, அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு உறைக்காது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார்கள். அடம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் பேசும்போது விழுந்த பக்கமாக உட்கார்ந்து பேசினால், கவனம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் திரும்பும்.

இரண்டு மணிக்கு ஒருதரம்: படுக்கைப் புண்ணைத் தடுப்பது

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இரவிலும்தான். ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று இதை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்பிப் போடும் வேலையை அது செய்யாது. சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரத்தையும், இடது, வலது, மல்லாக்க என்பதையும் எழுதிவாருங்கள். ஆள் மாறும்போது கேள்வியே வராது.

திருப்புவது இப்படி. பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்துவிடுங்கள். ஆளை மேலே ஏற்றவோ நகர்த்தவோ வேண்டுமானால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் அந்த வேட்டியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் படுக்கையோடு உராய்ந்து உள்ளே கிழியும், புண்ணுக்கு அதுவே ஆரம்பம். பக்கவாட்டில் புரட்ட, எதிர்ப்பக்க முட்டியை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து உங்கள் பக்கமாக உருட்டுங்கள். முழுக்க 90 டிகிரி ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு எலும்பு நேராக அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. மல்லாக்கப் படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். முதலில் புண் வருகிற இடங்களில் குதிகாலும் ஒன்று.

தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, காது மடல் எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றி இருக்கும் தோலைவிடக் கருத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது, ஸ்பிரிட் தடவக் கூடாது, நடுவில் ஓட்டை இருக்கும் ரப்பர் வளையமும் வைக்கக் கூடாது. அந்த இடம் அழுந்தாமல் படுக்க வைப்பதுதான் வைத்தியம். தோல் உரிந்தாலோ கறுப்பாகச் செத்த சதை தெரிந்தாலோ நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்ட வேண்டும்.

விழுந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால் வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டவே வேண்டாம். வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

ஊட்டுவது: அவசரமே கூடாத வேலை

உயிருக்கு ஆபத்து அதிகம் இருக்கிற வேலை இதுதான், ஆனால் அப்படித் தெரியாது. பக்கவாதம் வந்த புதிதில் பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். சாப்பாடு உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குப் போனால் இருமல் வரும் என்று நினைக்கிறோம். சிலருக்கு இருமலே வராது. இரண்டு நாளில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்து நிற்கும்.

முதலில் முழுக்க விழித்திருக்கிறாரா பாருங்கள். அரைத் தூக்கத்தில் ஊட்டவே கூடாது. முதுகு நேராக, முடிந்தால் நாற்காலியில், பாதம் தரையில் பட உட்கார வைத்து, மோவாய் கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அதனால் எதிரே உட்காருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள்.

சின்ன ஸ்பூன். பாதி ஸ்பூன் அளவு, நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டைக்குழாய் மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். நாலைந்து வாய்க்கு ஒருமுறை "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் கரகரவென்று, தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி வந்தால் நிறுத்திவிடுங்கள். இருமச் சொல்லி, தெளிந்த பிறகு தொடரலாமா என்று முடிவு செய்யுங்கள். முடித்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் விரலோ துணியோ விட்டுப் பாருங்கள். அரை மணி முன்னால் ஊட்டிய சோறு அங்கே அப்படியே ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. அப்புறம் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். அதற்குப் பிறகு தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குத் தாழ்த்தலாம். மணிக்கணக்கில் நிமிர்த்தியே வைத்தால் ஆள் கீழே சரிந்து வால் எலும்புப் பக்கம் உராயும்.

எதைக் கொடுப்பது? தண்ணீர்தான் சுலபம் என்று நாம் நினைப்போம், விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கஷ்டமானது அதுதான். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் வேகமாக ஓடித் தவறான குழாயில் இறங்கிவிடும். ரசம் சாதம் இன்னும் மோசம். வாய்க்குள் பருக்கை நிற்க, ரசம் தனியாக ஓடும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே வகைதான். குழையப் பிசைந்த தயிர் சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பருப்பு போட்டுக் குழைத்த சாதம் போன்ற, ஒரே பதத்தில் இருக்கிற கெட்டியான சாப்பாடு பாதுகாப்பானது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கும், எந்தப் பதம் என்று பேச்சுப் பயிற்சியாளரோ டாக்டரோ சொல்வார்கள்.

நம் வீட்டுப் பழக்கம் இரண்டை நிறுத்தியே ஆக வேண்டும். ஒன்று, டம்ளரை வாயில் படாமல் தூக்கி அண்ணாந்து குடிப்பது. கழுத்து பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் வாய் திறந்து நிற்கும். இன்னொன்று, படுத்திருப்பவருக்குச் சங்கிலோ பாலாடையிலோ பால் ஊற்றுவது. பார்க்க வருகிற உறவுக்காரர் ஆசையாக "ஒரு வாய் இளநீர்" என்று ஆரம்பிப்பார். கட்டில் தலைமாட்டில் "கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிட்டால் யாரிடமும் முகம் முறிய வேண்டியிருக்காது.

காலையிலும் இரவிலும் பல், நாக்கு, கன்னம் எல்லாம் சுத்தம் செய்யுங்கள். வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கும் இது வேண்டும். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும்போது வாயில் இருக்கும் கிருமியும் சேர்ந்துதான் இறங்கும்.

சாப்பாடு செலுத்த மூக்குக் குழாய் போட்டிருந்தால்: ஒவ்வொரு முறையும் மூக்கருகே இருக்கும் அடையாளம் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்ற வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரட்டும். ஒருமுறைக்கு 200 முதல் 250 மில்லி, வடிகட்டிய நீர்த்த உணவு. சிரிஞ்சை உயரப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ள வேண்டாம். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. எல்லா மாத்திரையையும் பொடித்துப் போடக் கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும். எதைப் பொடிக்கலாம் என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுப்புவதும் உட்கார வைப்பதும்

விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தசை செயலிழந்த தோள் மூட்டு அந்தக் கையின் எடையிலேயே கீழே இறங்கி நிற்கும். இழுத்தால் மூட்டு நழுவி வலி ஆரம்பிக்கும், அந்த வலி பிசியோதெரபிக்கே கையைக் கொடுக்க விடாது. படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கைக்கு அடியில் தலையணை இருக்கட்டும். வீக்கமும் குறையும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக். அவரை ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் ஊன்றச் செய்யுங்கள். இடுப்பில் அகலமான துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டினால் உங்களுக்குப் பிடி கிடைக்கும். எதிரே நின்று, உங்கள் முட்டியால் அவருடைய விழுந்த பக்க முட்டிக்கு முட்டுக் கொடுங்கள். மூக்கு முட்டிக்கு மேல் வரும் அளவுக்கு அவர் முன்னால் குனியட்டும். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி, அவர் எழும்ப, நீங்கள் துண்டைப் பிடித்துத் துணை கொடுங்கள். நின்றதும் ஒரு நிமிடம் நிதானித்து, நல்ல பக்கமாகத் திரும்பி உட்கார வையுங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, நைட்டி, லுங்கி என்றால் பாதி வேலை மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் வந்து போகிற முக்கால் மணி நேரம் மட்டும் பயிற்சி என்று நினைக்காதீர்கள். அவர் காட்டிக்கொடுத்ததை மற்ற நேரத்தில் செய்வதுதான் பலன் தரும். தலை சீவுவது, முகம் கழுவுவது, டம்ளரைப் பிடிப்பது என்று அவரால் முடிந்ததை, எவ்வளவு நேரமானாலும், அவரே செய்யட்டும். எங்கள் வீட்டில் அப்பா ஒரு பட்டன் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் காபி ஆறிவிடும். அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவரை அடுக்களைக்கு அனுப்பிவைப்பதே என் வேலையாக இருந்தது.

மூத்திரமும் மலமும்

மூத்திரக் குழாய் எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி வரும் வாய்ப்பும் அதிகம். பை எப்போதும் அடிவயிற்றைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. முக்கால் நிறையும்வரை காத்திருக்காமல் காலி செய்யுங்கள். குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். குழாய் எடுத்த பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை அவராகக் கேட்கும் முன்பே கூட்டிப் போனால் டயபர் தேவை குறையும்.

காலைக் காபியோ டிபனோ முடித்துக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கமோடு நாற்காலியில் உட்கார வையுங்கள், குடல் தானாக அசையும் நேரம் அது. மூன்று நாளாகப் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீர் போலக் கசிந்தால், வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். டாக்டரைக் கேளுங்கள்.

மருந்தும் புறாவும்

பிரஷர் நார்மலாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் இரண்டாவது முறை வருகிற ஆபத்து அதிகம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல். பிரஷரை நல்ல கையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்து நோட்டில் எழுதுங்கள். உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

புறா ரத்தம் தடவச் சொல்லி, புறாக்கறி சமைத்துப் போடச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள். அதனால் கை கால் வந்ததாகச் சான்று எதுவும் இல்லை. கறி சமைத்துக் கொடுத்தால் கறிதான். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, பெயர் தெரியாத பொடியைப் பிரஷர் மாத்திரைக்குப் பதில் கொடுக்கச் சொன்னாலோ வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பேச்சும் மனசும்

பேச்சு போனவருக்குக் காது போகவில்லை, கத்த வேண்டாம். அறிவும் அப்படியே இருக்கலாம், அவர் முன்னால் சொத்து விஷயத்தையும் செலவுக் கணக்கையும் அவர் இல்லாத மாதிரி பேசாதீர்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "தண்ணி வேணுமா?" என்று ஆமாம், இல்லை பதில் வருகிற மாதிரி கேளுங்கள். கேட்டுவிட்டு உண்மையிலேயே காத்திருங்கள். ஒரு வார்த்தை வராதவருக்குக்கூட ஒன்று, இரண்டு எண்ணுவதோ, சின்ன வயதில் மனப்பாடம் செய்த சாமி பாட்டோ, கெட்ட வார்த்தையோ சரளமாக வரலாம். மூளையில் அவை வேறு வழியாக வருகின்றன, நடிப்பு இல்லை.

மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம், யாரும் வேண்டாம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது. காரணமே இல்லாமல் திடீரென்று அழுது, திடீரென்று சிரித்தால் அது மூளைப் பாதிப்பின் விளைவாகவும் இருக்கலாம். பேச்சை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எப்போது 108

வாய் ஒரு பக்கம் கோணுவது, கை புதிதாகத் தொங்குவது, பேச்சு குழறுவது: இதில் ஒன்று வந்தாலும் 108. வாயில் எதுவும் கொடுக்காமல், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அந்தக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம். எழுப்பினால் எழாத மயக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இவற்றுக்கும் அதே எண். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு இருமலோ நடுக்கமோ வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கு

பெரும்பாலான வீடுகளில் இந்த முழு வேலையும் ஒரு பெண் தலையில் வந்து விழுகிறது. மற்றவர்கள் போனில் யோசனை சொல்வார்கள். சுவரில் ஒட்டிய தாளில் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் யார், இரண்டுக்கும் நாலுக்கும் யார். பெயர் இல்லாத கட்டம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நர்ஸ் கவனிப்பும் வீட்டிலேயே தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு போய்ப் பெயர் கொடுக்கலாம். விவரம் கேட்க 104க்கு அழைக்கலாம். அவர்கள் வரும் நாளில் நோட்டையும், பிரித்த மாத்திரை அட்டைகளையும், சுவரில் இருக்கும் தாளையும் காட்டுங்கள்.